நோட்டைப் புரட்டாதீர்கள், பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்: அரசுத் தொடக்கப் பள்ளி ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பு எப்படி?

என் பெண் கும்பகோணம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். “கவர்ன்மென்ட் ஸ்கூலா? அங்க என்னதான் சொல்லித் தர்றாங்க?” என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கி இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தால்கூட இதே கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். நல்லதும் சொல்வேன், குறையும் சொல்வேன், அங்கே இருப்பதோ இரண்டே ஆசிரியர்கள்.

முதலில் இந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் என்ன சமாச்சாரம் என்று தெரியாதவர்களுக்காக. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பு வாசலையே பார்க்காமல் நேராக இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அ, ஆ தெரியாது, ஆனால் கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகம். அதைச் சரிக்கட்ட 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்ததுதான் எண்ணும் எழுத்தும். 2025-க்குள் 8 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது அன்றைக்கு வைத்த இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் சேர்த்தார்கள். கட்டணம் கிடையாது. புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு, சின்ன வகுப்புக்குக் கிரேயான் எல்லாம் இலவசம்.

இதன் முதுகெலும்பு மூன்று நிலைகள்: அரும்பு, மொட்டு, மலர். பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட இப்போது எதுவரை தெரியும் என்று பார்த்து, அந்த இடத்திலிருந்து பிடித்து மேலே கொண்டுபோவது. எழுத்தே பிடிபடாத பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் அரும்புதான். இந்த யோசனை புதுசு ஒன்றும் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து அப்புறம் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் ஞாபகம் இருக்கிறதா, ‘அட்டை முறை’ என்று சொல்வோமே, ஏணிப்படி மாதிரி படம் போட்டு, தரைக்குப் பக்கத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை வைத்து? அதிலும் அவரவர் வேகத்தில்தான் போவார்கள். அதில் பிள்ளை தனியாக அட்டையோடு மல்லுக்கட்டியது, இதில் கூட்டமாகப் பாட்டும் ஆட்டமும் கதையும் சேர்ந்திருக்கிறது. எனக்குப் பிடித்திருப்பது இதுதான்.

எங்கள் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஒரே அறை, ஒரே டீச்சர். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்தான், ஆக கிராமத்துப் பள்ளிகளில் பாதிக் கதை இதுவாகத்தான் இருக்கும். “மூணு கிளாஸையும் ஒண்ணா வச்சு என்னத்த நடத்துறது?” என்று கேட்பவர்கள் ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும். நான் போய்ப் பார்த்தேன். உட்காரலாமா என்று கேட்டதற்கு டீச்சர், “வாங்கம்மா, ஆனா போனை வெளியே எடுக்காதீங்க, எல்லாம் உங்களையே பாக்கும்” என்றார்.

அன்றைக்குக் கொம்பு எழுத்துகள். எல்லாரும் தரையில் அரைவட்டமாக. ஒரு பையன் ‘க’ அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறான். டீச்சர் “கெண்டை!” என்றதும் ஒற்றைக்கொம்பு அட்டை வைத்திருக்கும் பெண் ஓடிவந்து அவனுக்கு முன்பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும். “கொண்டை!” என்றால் அவள் அங்கேயே நிற்க, துணைக்கால் வைத்திருப்பவன் பின்பக்கம் வந்து சேர வேண்டும். “கேணி!” என்றால் ஒற்றைக்கொம்பு விலகி இரட்டைக்கொம்பு வர வேண்டும், துணைக்கால் வரவே கூடாது. துணைக்கால் பையன் கொசுக்கடியைச் சொறிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ஓடி வந்தான், மொத்த வகுப்பும் “நீ வராதடா!” என்று கத்தியது. அந்தக் கத்தலில் இருக்கிறது பாடம். கத்தின பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கெ, கே, கொ என்ன வித்தியாசம் என்று அந்த நேரத்தில் தெரிந்திருக்கிறது. நம்ம பிள்ளைகள் ‘கொடி’யை ‘கெடி’ என்று எழுதுவது இந்த இடத்தில்தான், காலை மறந்துவிடுவார்கள். பத்து தடவை இம்போசிஷன் எழுத வைத்தால் பதினோராவது தடவையும் கெடிதான்.

இதே நேரத்தில் மொட்டு, மலர் பிள்ளைகளுக்கு என்ன வேலை? அட்டை ஆட்டம் முடிந்ததும் அரும்புப் பிள்ளைகள் எழுத்துக்கு வட்டம் போட, மொட்டுப் பிள்ளைகள் அதே எழுத்துகளில் சொல் சேர்க்க, மலர்ப் பிள்ளைகள் அந்தச் சொற்களை வைத்துச் சொந்தமாக இரண்டு மூன்று வரி எழுத உட்கார்ந்தார்கள். டீச்சர் குந்தியபடியே ஒவ்வொரு கூட்டமாக நகர்ந்தார். பாடம் ஒன்று, வேலை மூன்று. கேட்கச் சுலபமாக இருக்கும். முழங்கால் வலிக்காதா என்றுதான் எனக்குத் தோன்றியது.

பலன் உண்டா என்றால், தமிழில் உண்டு. என் பெண் பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வருகிறாள். ‘ஸ்ரீ’ வந்தால் மட்டும் நிறுத்திக் கேட்பாள். ல, ள, ழ இன்னும் குழப்பம், எழுதும்போது ர-வும் ற-வும் இடம் மாறும், போகட்டும். தனியார் பள்ளியில் படிக்கும் என் தம்பி மகன் அவனுடைய பாடப் புத்தகத்தை மடமடவென்று படிக்கிறான், அவனிடம் அன்றைக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் திணறுகிறான். பாடப் புத்தகத்தில் ஒரு சொல்லை விரலால் மறைத்தால் அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்கிறான். மனப்பாடம். குழந்தையைக் குறை சொல்லவில்லை, அவனுக்குச் சொல்லித் தந்த விதம் அப்படி.

அடுத்து கணக்கு. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தில் இதுதான் முதல் மார்க் வாங்கும் விஷயம். ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். 42-ல் 17 போக வேண்டும். நான்கு கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. உதிரி இரண்டிலிருந்து ஏழை எப்படி எடுப்பது? “கட்டைப் பிரி!” ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றினால் உதிரி பன்னிரண்டாகிறது. ஏழை எடுத்தால் ஐந்து. மீதி மூன்று கட்டில் ஒரு கட்டை எடுத்தால் இரண்டு. 25. நாம் படிக்கும்போது ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்பார்கள், ஏன் ஒன்றைக் கடன் வாங்கினால் பத்தாக வருகிறது என்று எந்த டீச்சரும் சொன்னதில்லை, கேட்டால் தலையில் குட்டு. இங்கே ரப்பரைக் கழற்றுகிற பிள்ளைக்கு அது கேள்வியே இல்லை. கண்ணெதிரே பத்துக் குச்சி. அப்புறம் கம்பியில் மணி கோத்து எண்ணும் ஆணிமணிச்சட்டம், அப்புறம்தான் நோட்டில் எழுதுவது.

விளையாட்டு ரூபாய் நோட்டு வைத்துக் கடை நடத்துகிறார்கள், அது நேராக வீட்டுக்கு வந்துவிட்டது. போன வாரம் கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்குச் சாமான் வாங்கினோம். கடைக்காரர் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் இவள் விரலை மடக்கி, “முப்பத்திரண்டோட எட்டு போட்டா நாப்பது, இன்னும் ஒரு பத்து, பதினெட்டு குடுங்க” என்றாள். கழிக்கவே இல்லை, கூட்டிக்கொண்டே போய் மீதியைக் கண்டுபிடித்துவிட்டாள். பழைய மளிகைக்கடைக்காரர்கள் சில்லறை எண்ணித் தருவது இப்படித்தான்.

வாய்ப்பாடு மட்டும் இடிக்கிறது. பெருக்கல் என்றால் திரும்பத் திரும்பக் கூட்டுவது என்று புரிய வைக்கிறார்கள், சரி, ஆனால் மனப்பாடமாக ஒப்பிக்க வைப்பது குறைவு. என் மாமனார் இதைக் கேட்டால் கொதித்துப்போவார், அவருக்கு 16-ம் வாய்ப்பாடு தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். இந்த விஷயத்தில் நான் அவர் கட்சி. புரிந்த பிறகு மனப்பாடம் செய்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ராத்திரி சாப்பிடும்போது நாங்களே சொல்ல வைக்கிறோம்.

ஆங்கிலம் சுமார். நேராகவே சொல்லிவிடுகிறேன், பிள்ளை டக்டக்கென்று இங்கிலீஷ் பேச வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் இங்கே அது நடக்காது. எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியைச் சொல்லித் தருகிறார்கள், அது நல்ல வழிதான், ‘கேட்’, ‘பேட்’, ‘மேட்’ என்று ஒலி சேர்த்துப் படிக்கிறாள். பாட்டு இருக்கிறது, கை கால் ஆட்டம் இருக்கிறது. ஆனால் பேசிப் பழக எதிரில் ஆள் வேண்டும், டீச்சரே கொஞ்சம் தயங்கித்தான் பேசுகிறார். புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். எங்கள் ஊர் சிக்னலில் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இப்போது பயிற்சி நூல். நல்ல வண்ணம், பெரிய எழுத்து, நம்ம ஊர்ப் பிள்ளைகள் மாதிரி முகங்கள். வெட்டி ஒட்டும் பக்கங்கள் பிள்ளைகளுக்கு உயிர். பைண்டிங்தான் சொதப்பல், பருவம் முடிவதற்குள் நடுப்பக்கம் கழன்று தனியாக வந்துவிடுகிறது, நான் ஊசி நூல் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். வீட்டில் பெரியவர்கள் இந்த நூலைப் பார்த்துத்தான் முதலில் தீர்ப்பு எழுதுகிறார்கள். என் மாமியார் பையைக் குடைந்து பார்த்துவிட்டு, “என்னம்மா, பாதிப் பக்கம் காலியாக் கிடக்கு, ஹோம்வொர்க்கும் இல்ல, ஸ்கூலுக்குப் போறாளா ஊர் சுத்தப் போறாளா?” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நோட்டு நிரம்பினால் படிப்பு, சிவப்பு மையில் டிக் இருந்தால் நல்ல பள்ளி என்றுதான் நாம் எல்லாரும் பழகியிருக்கிறோம், தனியார் பள்ளிகளுக்கும் இது நன்றாகத் தெரியும், அதனால்தான் எல்கேஜி பிள்ளைக்கே கை வலிக்க எழுத்து வேலை கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த நோட்டு பெற்றோருக்காக எழுதப்படுவது. இந்த வகுப்பில் கொம்பு அட்டையோடு ஓடியது எந்த நோட்டிலும் இருக்காது. குச்சிக் கட்டைப் பிரித்ததற்கு டிக் கிடையாது. அதனால் மாமியாரிடம் நான் வாதாடவில்லை, பேத்தி கையில் அவருடைய மாத்திரை அட்டையையும் கோயில் திருவிழா நோட்டீஸையும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நோட்டீஸில் உபயதாரர்கள் பெயர் ஒன்று விடாமல் வந்தது. மாத்திரைப் பெயர் வரவில்லை, அது இங்கிலீஷ்.

அப்புறம் வகுப்பு மூலையில் கயிற்றில் தொங்கும் குட்டிப் புத்தகங்கள். வாசிப்பு இயக்கம் என்று 2023-ல் கொண்டுவந்தார்கள், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள், ஒவ்வொன்றும் கொஞ்சமே பக்கங்கள், நீதி போதனை இல்லாத ஜாலியான கதைகள். பாடப் புத்தகத்தைவிட என் பெண்ணைப் படிக்க வைத்தது இவைதான் என்பேன். அரசு அச்சடித்ததில் இவ்வளவு சுவாரஸ்யமான சரக்கு வந்து ரொம்ப நாளாயிற்று.

சரி, குறைகள்.

முதல் குறை செல்போன். கற்பிப்பதற்கு அல்ல, பதிவேற்றுவதற்கு. வருகைப் பதிவு செயலியில், மதிப்பீடு செயலியில், வந்த பொருள்களின் கணக்கும் அதில்தான். பாட நடுவே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுத் திரையில் வரும் கேள்வியைக் கேட்டு அழுத்த வேண்டும். நெட் போனால் முதலிலிருந்து. டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் சிக்னல் தேடும் நேரம் முழுக்க அந்த அறையில் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் சும்மா இருக்கிறார்கள், சும்மா என்றால் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆசிரியர் சங்கங்கள் இந்தப் பதிவேற்ற வேலையைப் பற்றித்தான் தொடர்ந்து கத்திக்கொண்டிருக்கின்றன, அவர்கள் கேட்கும் மற்றதில் எனக்குச் சந்தேகம் உண்டு, இதில் முழுக்க அவர்கள் பக்கம். நெஞ்சோடு அட்டை பிடித்து நடத்தும் வகுப்புக்கு டீச்சரின் இரண்டு கையும் வேண்டும்.

இரண்டாவது, டீச்சர் பயிற்சிக்குப் போனால், வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போனால், உடம்புக்கு முடியாமல் போனால், ஐந்து வகுப்பும் ஒரே ஆளிடம். அன்றைக்கு எந்த அரும்பும் மொட்டும் கிடையாது, பார்த்து எழுதுவதுதான். முறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரண்டு ஆள் வைத்து ஓட்டும் பள்ளியில் ஒரு நாள் லீவு அந்த வாரத்தையே இழுத்துவிடுகிறது.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு இங்கே தீனி பத்தாது. பின்தங்கியவர்களைத் தூக்கிவிடக் கட்டிய திட்டம் என்பதால் டீச்சரின் கவனம் இயல்பாகவே அங்கே போகிறது. போகவும் வேண்டும். ஆனால் முன்னால் ஓடும் பிள்ளை வேலையை முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவளின் ஜடையைப் பின்னிக்கொண்டு இருக்கும். நான் சொன்னதும் டீச்சர் குட்டிப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார், அதற்கு மேல் அவர் என்ன செய்வார்? எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. நிலைகள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு, ஆனால் ஜூனில் அரும்பு வட்டத்தில் உட்கார்ந்த பிள்ளை பொங்கலுக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் மற்ற பிள்ளைகள் அதற்கு ‘அரும்பு’ என்று பட்டப்பெயர் வைத்துவிடுகிறார்கள். குழந்தைகளுக்குப் பூப்பெயர் வைத்தாலும் வசை வைத்தாலும் ஏறுவது எது இறங்குவது எது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

மாநில அளவில் எப்படி என்று கேட்டால், பிரதம் என்ற தொண்டு நிறுவனம் கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பைச் சோதித்து வெளியிடும் அசர் அறிக்கையில் 2022-ல் படுத்துவிட்ட வாசிப்புத் திறன் 2024-ல் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. இன்னும் நிற்கவில்லை. அதனால் ‘எல்லா அரசுப் பள்ளியும் பிரமாதம்’ என்று நான் சொல்ல மாட்டேன், டீச்சரைப் பொறுத்துத்தான் எல்லாம். பக்கத்து ஊரில் இதே பயிற்சி நூல், இதே அட்டைகள், பிரிக்காமல் பீரோவில் இருப்பதாக அங்கே பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள் சொல்கிறார்கள்.

காலை உணவைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே ஒரு வரி: திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று போகிறது, என் பெண் வீட்டில் உப்புமாவைத் தொடமாட்டாள், அங்கே தட்டைக் காலி செய்கிறாள். பசியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் முன்பெல்லாம் பத்தரை மணிக்கே மத்தியானச் சாப்பாட்டு வாசனைக்கு மூக்கை நீட்டிக்கொண்டிருப்பார்கள் என்று டீச்சர் சொன்னார்.

சேர்க்க யோசிப்பவர்களுக்கு. மார்ச் மாதமே சேர்க்கை ஆரம்பித்துவிடுகிறது, 5 வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. ஆனால் சேர்க்கைப் பேரணி, பலூன், மாலை மரியாதை நடக்கும் நாளில் போய்ப் பார்த்துப் பிரயோஜனமில்லை. சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போங்கள். பிள்ளைகள் தரையில் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்களா, அட்டைகளின் ஓரம் அழுக்கேறி மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், புத்தம் புதுசாகப் பளபளத்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். ஏதாவது ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் நீங்கள் கொண்டுபோன பேப்பரில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததும் ‘என்னடா விஷயம் இது?’ என்று கேளுங்கள். சேர்த்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள், அதில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்குத்தான், தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். எங்கள் ஊரில் கூட்டத்துக்கு வருபவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போன கூட்டத்தில் நாங்கள் நான்கைந்து அம்மாக்கள் உட்கார்ந்து இணைய வசதிக்கும், டீச்சர் லீவில் போகும் நாளில் மாற்று ஆளுக்கும் தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இணைய வசதிக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மாற்று ஆளைப் பற்றிப் பேச்சே இல்லை, அடுத்த கூட்டத்தில் திரும்பவும் எழுதுவோம்.